முழங்கால் பூட்டு

தாராவி, பம்பாய்
14.7.1986

அன்புத் தங்கை மெஹராஜுக்கு அண்ணன் முகம்மது ஹனீப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நானும் உன் மதினி சாயிராவும் இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்க்க ஆசை.

நேற்று உன் பேருக்கு ஒரு பார்சல் போட்டேன். தகரப் பெட்டிக்குள் வைத்து, சாக்கு சுற்றி, நானே தைத்தது. தபால்காரர் கனத்தைப் பார்த்துப் பலகாரம் என்று நினைக்கப்போகிறார். உள்ளே இருப்பது உனக்குக் காலில் மாட்டி நடக்கப் புதுக் காலிப்பர்.

பெருநாளுக்கு ஊருக்கு வந்தபோது பரண் மேல் உன் பழையது கிடந்ததைப் பார்த்தேன். தர்ம ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சட்டம். கையில் எடுத்ததும் என் தோளே இறங்கியது. நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த காலோடு நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாய். நானோ பதினோரு வருஷமாகத் தோல் வெட்டி, முகம் தெரியாத பெண்களுக்குக் கைப்பை தைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஏன் இது முன்பே தோன்றவில்லை என்று வெட்கமாகிவிட்டது. அதனால்தான் அம்மாவை விட்டு உன் கால் அளவை எடுக்கச் சொன்னேன்.

குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் சொரிமுத்துவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அம்பாசமுத்திரத்துக்காரர். கம்பி வேலை அவருடையது, தோல் வேலை என்னுடையது. இரும்புக்குப் பதில் அலுமினியப் பட்டை போட்டிருக்கிறோம். பழையதில் பாதி எடைகூட வராது. பழையதில் பூட்ஸும் கம்பியும் ஒன்றாக இருந்ததால் வீட்டுக்குள் போட முடியாது. இதில் பாதத்துக்குக் கீழே மெல்லிய தகடு மட்டும்தான். வெளியே போனால் செருப்புக்குள் வைத்துக்கொள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நட.

முழங்கால் பூட்டு மட்டும் பழைய மாதிரியேதான். எழுந்து நின்றால் இரண்டு பக்கமும் வளையம் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் குனிந்து இரண்டையும் மேலே இழுக்க வேண்டும். அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சராகிவிட்ட என் தங்கை இனி சுவரைத் தொடாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும். போட்டுப் பார்த்து என்ன குறை என்று ஒளிக்காமல் எழுது. உனக்குச் சரியாக வந்தால், இதே மாதிரி இன்னும் பத்துப் பேருக்குச் செய்யலாம் என்று எங்கள் இருவருக்கும் ஓர் எண்ணம்.

அம்மாவுக்கு என் சலாம்.

உன் அண்ணன்
ஹனீப்

*

கடையநல்லூர்
2.8.1986

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு மெஹராஜ் எழுதிக்கொண்டது. வ அலைக்குமுஸ்ஸலாம். அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. உங்கள் இருவரின் நலத்துக்கு ஐந்து நேரமும் துஆச் செய்கிறோம்.

பார்சல் உடையாமல் வந்தது. தெருவே கூடிப் பார்த்தது. தோலை இவ்வளவு மிருதுவாக எப்படிச் செய்தீர்கள்? அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்து அழுதுவிட்டார்கள். போட்டுக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போய்வந்தேன். சுவரைத் தொடவில்லை, அண்ணா. ஒரு தடவைகூட.

தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் முதல் வாரம் முழுக்க அழுதார்கள், இப்போது நான் அழாமல் இருந்தால் போதும் என்கிற அளவுக்குச் சேட்டை. பகல் சாப்பாட்டை அரைச்சுவர் ஓரம் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறேன், அங்கேதான் காற்று வருகிறது. சாயங்காலம் கால் வீங்குகிறது என்று அம்மா உங்களுக்கு எழுதச் சொல்கிறார்கள். அது அம்மாவின் கவலை. புதுப் பழக்கம்தானே, சரியாகிவிடும்.

குறை ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. மதினிக்கு என் அன்பு. அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

தங்கை
மெஹராஜ்

*

தாராவி
20.8.1986

அன்புத் தங்கைக்கு அண்ணனின் சலாம். பக்ரீத் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் ஓதம், ஆனால் எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

உன் கடிதத்தைச் சாயிராவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். சொரிமுத்துவுக்கு ஒரு தடவை. "ஒரு குறையுமா இல்லங்கா? நாம அவ்வளவு கெட்டிக்காரனுவளாடே?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாவது காலிப்பர் எங்கள் வரிசை வீட்டுச் சாலில் தையல்கடை வைத்திருக்கும் கரீம் பாட்சாவுக்கு. அவருக்கும் உன்னைப் போல இடது கால்தான். ஆனால் உன்னைப் போல இல்லை, வாயைத் திறந்தால் குறைதான். நான்காம் நாளே வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்: "ஹனீபு, உன் தோலு மழையில நனைஞ்சு செத்த எலி மாதிரி நாறுது. பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்கிறவரு மூக்கைப் பொத்துறாரு. இதைப் போட்டுட்டு நான் எப்படி ஜமாஅத்துல நிக்கிறது?" எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு மோந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. உள்பக்கம் கழற்றித் துவைக்கிற மாதிரித் துணி உறை போட்டோம். பக்கிள் துருப்பிடிக்கிறது என்றார், பித்தளைக்கு மாற்றினோம். வளையத்தைப் பற்றி அவருக்கு ஒரு புகாரும் இல்லை. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரே இழுப்பில் மடக்கி, மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

இன்னொரு சேதி. செம்பூரில் ஒரு தர்ம டிரஸ்ட் இருக்கிறது. அங்குள்ள டாக்டர் எங்கள் காலிப்பரைப் பார்த்தார். ஜனவரியில் இருபத்தைந்து பேருக்குக் காலிப்பர் கொடுக்கப்போகிறார்களாம். "போட்டு நடக்கிறவர்கள் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவா, பிறகு பார்க்கலாம்" என்றார். உன் கடிதத்தைவிட வேறென்ன வேண்டும்? அதைக் காட்டலாமா? நீ சம்மதித்தால் மட்டும். முடிந்தால் காலிப்பரோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும் அனுப்பு.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அண்ணன்

*

(தபால் அட்டை)

கடையநல்லூர்
25.9.1986

அண்ணன் அவர்களுக்கு, சலாம். அம்மா நலம். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், பத்து நாளாகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. பயப்பட ஒன்றுமில்லை. போட்டோ இப்போது எடுக்க முடியவில்லை. கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு நல்லது நடந்தால் எனக்குச் சந்தோஷம்.

மெஹராஜ்

*

தாராவி
19.10.1986

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சலாம். காய்ச்சல் விட்டதா? உன் அட்டை வந்து மூன்று வாரமாகிறது. நடுவில் நான் போட்ட இன்லண்ட் லெட்டருக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று சாயிராவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

மூன்றாவது காலிப்பரை மாட்டுங்காவில் ஷ்யாமளா என்ற அம்மாளுக்குக் கொடுத்திருந்தோம். பாலக்காட்டுக் குடும்பம். கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். போன ஞாயிற்றுக்கிழமை அவரே டாக்ஸி பிடித்துக் குர்லா பட்டறைக்கு வந்துவிட்டார். சொரிமுத்து ஸ்டூலை எடுத்துப்போட்டார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"நடக்கறதுக்கு ரொம்ப நன்னா இருக்கு," என்றார். "ஒக்காரறதுக்கு என்ன பண்றது?"

"குனிஞ்சு ரெண்டு வளையத்தையும் மேல இழுங்கம்மா," என்றேன்.

"இழுக்கணும்னா புடவையை முட்டி வரைக்கும் தூக்கணும். ரயில்ல ஸீட் காலியா இருந்தாலும் வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் நின்னுண்டே போறேன். ஆபீஸ்ல என்னைச் சுத்தி ஆறு ஆம்பிளைகள். பாத்ரூமுக்குள்ள போய் வளையத்தை எடுத்துவிட்டுட்டு, மடங்கற காலை இழுத்துண்டு, சுவரைப் பிடிச்சிண்டு ஸீட்டுக்கு வரேன். இதோ, இந்த ஸ்டூல்ல ஒக்காரணும்னாலும் நீங்க ரெண்டு பேரும் வெளில போகணும். மிஸ்டர் ஹனீப், இதை நீங்க ஆம்பிளைக்குப் பண்ணியிருக்கேள்."

நாங்கள் வெளியே போய் நின்றோம். சொரிமுத்து பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ ஒன் தங்கச்சி எப்பிடிடே உக்காருதா?"

எனக்குத் தெரியவில்லை, மெஹராஜ். மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் நான் கேட்க முடியாது, நீ எனக்கு எழுதவும் முடியாது. அது எனக்குப் புரிகிறது. உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டவில்லை. இந்த வாரம் சாயிரா உனக்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறாள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ என்ன பதில் எழுதினாலும் அதை நான் படிக்கமாட்டேன்.

அம்மாவுக்கு சலாம்.

அண்ணன்

*

மாட்டுங்கா
21.10.1986

அன்புள்ள மெஹராஜ்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சாயிரா பேசறேன். எழுதறது ஷ்யாமளா அக்கா. நான் வாயில சொல்றதை அப்படியே எழுதணும், அழகாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

நான் தாராவியில பொறந்தவ, ஹிந்தி ஸ்கூல்ல நாலாவது வரைக்கும் படிச்சவ. தமிழ்ல என் பேரை எழுதவே தடுமாறுவேன். கல்யாணமாகி ஆறு வருஷமா நீ எனக்கு எழுதினதையெல்லாம் உங்க அண்ணன்தான் படிச்சுக் காட்டினார். நானும் பாவம், எல்லாருக்கும் பொதுவான சேதியைத்தான் மெஹராஜ் எழுதறான்னு நெனச்சேன். அண்ணன் வாயால வர்ற கடிதத்துல ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்கு என்னத்தை எழுத முடியும்? அது இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மன்னிச்சிடு.

அதனால பதிலை இந்த மாட்டுங்கா விலாசத்துக்குப் போடு. அக்கா படிச்சுக் காட்டுவாங்க, நான் கேப்பேன். வேற யாருக்கும் தெரியாது. எங்க வலிக்குது, எப்படி உக்காருறே, பாத்ரூமுக்கு என்ன பண்றே, மாசத்துல அந்த மூணு நாள் என்ன பண்றே, எல்லாம் எழுது. உங்க அண்ணன் மனசு கஷ்டப்படும்னு பாக்காதே. அவரு கஷ்டப்படட்டும். பிலகுல், கொஞ்சம்கூடப் பரவாயில்லை.

உன் மதினி
சாயிரா

மேலே உள்ளதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். என் பங்குக்கு ஒரு வரி: எனக்கு வலது கால். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம், இதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கிறவர்கள் கிடைத்திருக்கும்போது சொல்லிவிடு, அம்மா. - ஷ்யாமளா

*

கடையநல்லூர்
8.11.1986

அன்பு மதினிக்கும், முகம் பார்க்காத ஷ்யாமளா அக்காவுக்கும் மெஹராஜின் சலாம். உங்கள் இருவர் சுகத்துக்கும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் சுகத்தைப் பற்றி இந்த ஒரு தடவை உண்மையை எழுதுகிறேன்.

எங்கள் வகுப்புக்குக் கதவு கிடையாது. மூன்று பக்கம் அரைச்சுவர், ஒரு பக்கம் தாழ்வாரம். அதன் வழியாகத்தான் ஹெட்மாஸ்டரும் மற்ற ஸார்களும் போய்வருவார்கள். நாற்காலி ஐந்தாம் வகுப்புக்கு மட்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். காலிப்பரோடு போன முதல் நாள் உட்காரலாம் என்று குனிந்தேன். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்துவிட்டேன். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து நான்கு மணி வரை நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். இரண்டு மாதம் நின்றேன், மதினி.

தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வீடு வரும்வரை குடிக்கமாட்டேன். தொடையில் வார் பட்ட இடம் புண்ணாகி, சீழ் வைத்து, அதனால்தான் காய்ச்சல். அந்த மூன்று நாளில் பட்ட பாட்டை எழுதக் கை வரவில்லை. நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். என்னால் கீழே போய் அவளைத் தொட முடியவில்லை. மேலே நின்று "அழாதே, அழாதே" என்றேன். பக்கத்து வகுப்பு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "அந்த டீச்சருக்குப் பிள்ளைகள்கூட உக்கார மனசில்ல" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். சின்ன வகுப்புக்கு நான் சரிப்படமாட்டேன், வருஷ முடிவில் வேறு ஆள் பார்க்கலாம் என்று பேச்சு.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். வளையத்தை இழுக்கச் சேலையைத் தூக்க வேண்டும் என்று அண்ணனுக்கு எந்த வார்த்தையில் எழுதுவேன்? அதோடு, அந்தத் தோலை அவர்கள் எப்படித் தைத்திருக்கிறார்கள் தெரியுமா? உள்பக்கம் ஒரு முடிச்சுகூட உறுத்தாது. ஒவ்வொரு தையலிலும் அவர்கள் என்னை நினைத்திருக்கிறார்கள். அதைப் போய் எப்படிக் குறை சொல்வது? டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியது பொய்ச்சாட்சி.

அண்ணனிடம் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.

மெஹராஜ்

*

தாராவி
15.12.1986

அன்புத் தங்கைக்கு அண்ணனின் சலாம். புண் ஆறியதா? இங்கே நாங்கள் நலம். கரீம் பாட்சா உன் உடம்பைத் தினமும் விசாரிக்கிறார்.

சாயிரா என்னிடம் மூன்று விஷயம் சொன்னாள். மறைவில்லாத இடத்தில், சேலையைத் தொடாமல் பூட்டைத் திறக்க வேண்டும். தரையில் உட்கார வேண்டும். தொடை வார் அறுக்கக் கூடாது. மீதியை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் மாட்டுங்காவிலிருந்து வந்த அன்று அவள் என்னோடு பேசாமல் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

முதலில் செம்பூர் டாக்டரிடம் போனேன். சாட்சிக் கடிதம் எங்கே என்றார். "ஒன்னு இருக்கு டாக்டர். ஆனா அது என் தங்கச்சி எனக்காக எழுதினது, காலிப்பருக்காக இல்ல," என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஜனவரிப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. தயாரானதும் வரச் சொல்லியிருக்கிறார்.

பிறகு வேலை. முழங்காலுக்குப் பின்னால் ஒரு வளைந்த கம்பி வைத்து, நாற்காலி விளிம்பில் இடித்தால் பூட்டுத் திறக்கிற மாதிரிச் செய்தோம். ஷ்யாமளா அம்மா ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அன்றே போன் பண்ணிச் சந்தோஷப்பட்டார். சொரிமுத்து ஆடாத குறை. சாயிராதான், "மெஹராஜ் கிளாஸ்ல நாற்காலி ஏது?" என்று கேட்டாள். அதைக் கழற்றி மூலையில் போட்டோம்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஒன்றும் ஓடவில்லை. ஒரு நாள் சொரிமுத்து தன் சைக்கிளைப் பட்டறை வாசலில் நிறுத்தியவர், இறங்காமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். "எங்கயோ இழுக்கேன், எங்கயோ புடிக்குது பாத்தியா," என்றார். அவ்வளவுதான். இரண்டு வளையத்தையும் எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த கொக்கி போட்டோம். அதிலிருந்து பிரேக் வயர் உறைக்குள்ளேயே தொடை வழியாக ஏறி இடுப்புக்கு வரும். இடுப்போரம் ஒரு கண்ணி தொங்கும். சேலைக்கு மேலேயே அதை ஒரு விரலால் இழுத்தால் போதும். தொடை வாரை இரண்டு மடங்கு அகலமாக்கி, கம்பளி வைத்திருக்கிறேன்.

ஷ்யாமளா அம்மாவுக்கும் இதையே மாட்டிக் கொடுத்துவிட்டோம். உன்னுடையதை நாளை பார்சல் போடுகிறேன். நன்றாக இருக்கிறது என்று எழுதாதே. எது நன்றாக இல்லை என்று எழுது.

அண்ணன்

*

கடையநல்லூர்
24.1.1987

அன்புள்ள அண்ணனுக்கு மெஹராஜின் சலாம். அம்மா நலம். புண் ஆறித் தழும்புதான் இருக்கிறது. மதினிக்கும், அக்காவுக்கும், சொரிமுத்து அண்ணனுக்கும், கரீம் பாட்சா மாமாவுக்கும் என் சலாம் சொல்லுங்கள்.

பொங்கல் லீவு முடிந்த முதல் நாள் பாயில் உட்கார்ந்தேன். ஹெட்மாஸ்டர் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார். கண்ணியை இழுத்தேன், உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவர் கவனிக்கக்கூட இல்லை. பிள்ளைகள்தான் வாயைப் பிளந்தார்கள். ஜன்னத் என்ற சின்னவள் என் முகத்துக்குக் கிட்டே வந்து, "டீச்சர், உங்க மூக்குல மச்சம் இருக்கு!" என்றாள். ஏழு மாதமாகத் தினமும் என்னைப் பார்க்கிறவள்.

இனிக் குறைகள். நீங்கள்தான் கேட்டீர்கள். கொக்கி விழும்போது 'டக்' என்று சத்தம் கேட்கிறது. நான் எழுந்தால் நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து "டக்!" என்கிறார்கள். கண்ணி கம்பியில் இருப்பதால் சேலை நூலை இழுக்கிறது, ஒரு நல்ல சேலை போய்விட்டது. கம்பளி வெயிலுக்கு ஆகாது, இது பம்பாய் இல்லை. தரையிலிருந்து எழும்போது கையூன்ற ஒரு பிடி வேண்டும், நான் இப்போது சுவரோரம்தான் உட்காருகிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் பெரியது. போன செவ்வாய்க்கிழமை போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதே ஜன்னத் பின்னால் வந்து, இது என்ன என்று கண்ணியைப் பிடித்து இழுத்துவிட்டாள். முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தேன். மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, இப்போது சரியாகிவிட்டது. பிள்ளைகள் விளையாட்டென்று கைதட்டினார்கள். ஜன்னத் மட்டும் அழுதாள், அவளை மடியில் வைத்துக்கொண்டேன். நான் விழுந்தது பள்ளிக்கூடத்தில். பஸ் படியில் நிற்கும்போது யாராவது இழுத்திருந்தால்? ஷ்யாமளா அக்கா ரயிலில் கூட்டத்தோடு இறங்கும்போது கண்ணி மாட்டிக்கொண்டால்? அக்காவிடம் உடனே சொல்லுங்கள். இதைச் சரிசெய்யும்வரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. இவ்வளவு குறையையும் எழுதி முடித்தபோது மனசு லேசாக இருக்கிறது.

உங்கள் தங்கை
மெஹராஜ்

*

தாராவி
3.3.1987

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சலாம். எல்லோரும் நலம். மணிக்கட்டை நீ இரண்டு வரியில் முடித்துவிட்டாலும் சாயிராவுக்கு மனசு ஆறவில்லை. அம்மாவைக் கேட்டு ஒரு வரி எழுது.

உன் கடிதம் வந்த அன்றே மாட்டுங்காவுக்கு ஓடினேன். கண்ணியைப் பாவாடைக்குள் செருகி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்து ஐந்து வாரம் கொக்கியோடுதான் குடித்தனம். இப்போது கொக்கியின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டியிருக்கிறோம். காலில் உடம்பின் பாரம் இருக்கும்வரை பள்ளம் கொக்கியை விடாது. பாரத்தை மறு காலுக்கு மாற்றிவிட்டு இழுத்தால்தான் திறக்கும். கரீம் பாட்சாவுக்கு இதை மாட்டி நடுவில் நிற்கவைத்து, சொரிமுத்து மாட்டுக் கயிற்றை இழுப்பதுபோலக் கண்ணியை இழுத்தார். பாட்சா அசையவில்லை. "இன்னும் பலமா இழு, நேத்து சாப்பிடலையா?" என்று சத்தம் போட்டார். சாலே சிரித்தது. கண்ணியை மெல்லிய தோல் வாராக்கினேன். கொக்கிக்கு ரப்பர் வைத்ததால் 'டக்' இல்லை, உன் பிள்ளைகள் கோபிப்பார்கள். உள்பக்கம் பருத்தி. தொடைப் பட்டையில் கையூன்றி எழ ஒரு பிடி.

டாக்டரிடம் இதைக் கொண்டுபோனேன். கூடவே உன் ஜனவரிக் கடிதத்தின் குறைகளை ஷ்யாமளா அம்மா இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். டாக்டர் முதலில் அதைத்தான் படித்தார். காலிப்பரைத் தன் கையாலேயே பூட்டித் திறந்து பார்த்தார். ஜூனில் பன்னிரண்டு பேருக்குச் செய்யச் சொல்லிவிட்டார்!

அந்தப் பன்னிரண்டில் பெண்கள் எட்டுப் பேர். இங்கேதான் மாட்டிக்கொண்டோம். நானோ சொரிமுத்துவோ டேப்போடு போனால் கதவே திறப்பதில்லை. மூன்று பேருக்கு ஷ்யாமளா அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அளவெடுத்தார். மீதி ஐந்து பேர் அங்கே தென்காசி, புளியங்குடிப் பக்கம், பம்பாயில் இருக்கும் உறவுக்காரர்கள் மூலம் பேர் கொடுத்தவர்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விலாசங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். சும்மா உன் தகவலுக்கு.

அண்ணன்

*

கடையநல்லூர்
12.4.1987

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் மெஹராஜின் சலாம். அம்மாவும் நானும் நலம். மதினி தன் கையால் எழுதியிருந்த நான்கு வரியை அம்மா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். 'ழ' போடத் தெரிந்துவிட்டால் மீதி எழுத்தெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

புதுப் பூட்டு வந்ததும் ஜன்னத்தைக் கூப்பிட்டு, இப்போது இழு என்றேன். பயந்து மாட்டேன் என்றாள். கெஞ்சி இழுக்கவைத்தேன். இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். வருகிற வருஷமும் ஒன்றாம் வகுப்பு எனக்குத்தான் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் 'சும்மா தகவல்' புரிந்தது. நான்கு சனிக்கிழமை, ஐந்து வீடு. பஸ்ஸில் உட்கார்ந்தேதான் போனேன். ஐந்து பேர் அளவும் தனித்தனித் தாளில் இருக்கிறது. இஞ்சுக்குக் கீழே, காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொருவரும் எப்படி உட்கார்ந்து எழுந்து என்ன வேலை செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். ஒருத்தி நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறாள். சம்மணம் போட முடியாவிட்டால் அவளுக்கு இது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஒருத்திக்குக் கைக்குழந்தை. பிள்ளை இடுப்பில் இருக்கும் பக்கம் கண்ணி வரக் கூடாது. இதையெல்லாம் படித்த பிறகு தோலில் கத்தியை வையுங்கள்.

கடைசி வீடு புளியங்குடியில். பேகம் என்று பேர், பத்தொன்பது வயது. என்ன கேட்டாலும் அவளுடைய அம்மாதான் பதில் சொன்னார்கள். "அவளுக்கென்ன, மூலைல உக்காந்த எடத்துக்கு எல்லாம் வருது. வெளிய எங்க போகப்போறா?" என்றார்கள். பேகம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள். எனக்குத் தலைவலிக்கிறது, ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டு அம்மாவை அடுப்படிக்கு அனுப்பினேன். பிறகு என் பூட்டைத் திறந்து, அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவள் என் காலையும் கண்ணியையும் பார்த்தாள். அடுப்படியில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"யாராச்சும் வந்து கதவைத் தட்டுனா, நானே எந்திரிச்சுப் போயித் தொறக்கணும்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். இவளுடையதை முதலில் செய்யுங்கள், அண்ணா. தொடை பதினைந்தரை, முழங்கால் பத்தே முக்கால், நீளம் முப்பத்தொன்று. அவள் உட்காரும் மூலையிலிருந்து வாசற்படி வரை பதினோரு எட்டு வைக்க வேண்டும். தாழ்ப்பாளின் உயரத்தையும் அளந்து தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மெஹராஜ்